திறந்து பார்ப்போம், வாருங்கள்!

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்றனர் நம் முன்னோர். அணை போட்டால் மட்டும் போதுமா? அது தண்ணீரைத் தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? இதை எனக்குக் கற்பித்தது நூலன்று, ஓர் இழப்பு.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பினர் அறுவர் அண்டைச் சிற்றூர்களுக்குச் சென்று நடவுப்பாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஒலிப்பதிவு செய்தோம். ஊர், பாடியவர், பாட்டின் முதலடி எல்லாம் சேர்த்து ஒவ்வொரு கோப்புக்கும் தமிழில் நீண்ட பெயரிட்டோம். விண்டோஸ் மடிக்கணினியில் ஒரு படி. திறந்தமூல மென்பொருள் ஒன்றின் உதவியால் துறையின் லினக்ஸ் கணினியில் காப்புநகலாக இன்னொரு படி. வேலை முடிந்தது என்றே திரை நாள்தோறும் சொல்லியது. மடிக்கணினி பழுதான அன்று நகலைத் திறந்தோம். நீண்ட பெயருள்ள பாட்டுகள் ஒன்றுகூட இல்லை! பாடிய பாட்டிமாருள் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார். இனி யாரிடம் கேட்பது?

காரணம் பின்னர் விளங்கியது. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேற்படக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறிகளே.

இத்தகைய தவறு ஏழை மாணவருக்கு மட்டும் நேர்வதன்று. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பணியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். அன்றாட நகல் எடுக்க வேண்டிய நிரலோ, பதிப்புப் பொருந்தாமல் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்த படியே கைகொடுத்தது.

குறையைக் கண்டுபிடிக்க உகந்த காலம் எது? மென்பொருள் வெளியாகும் முன்புள்ள சோதனைக் காலமே. 2015-இல் அட்டிக் என்னும் நிரலிலிருந்து பிரிந்து வளர்ந்த போர்க் என்ற காப்புநகல் மென்பொருளின் இரண்டாம் பதிப்புக்கு, 2022 முதல் பீட்டா வடிவங்கள் வெளியிடப்பட்டன. "இவற்றைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள், உண்மையான நகலை இவற்றிடம் ஒப்படைக்காதீர்" என்று அதை ஆக்கியோரே எச்சரித்தனர். எச்சரிக்கை மட்டுமா அது? உதவி கேட்கும் அழைப்புமன்றோ!

"அது கணினி படித்தவர் வேலை, நமக்கென்ன?" என்பார் உண்டு. நான் மறுக்கிறேன். எங்கோ அமர்ந்து நிரல் எழுதுபவருக்குத் தமிழ்ப் பெயர் நினைவுக்கு வருமா? 'கொ' என்னும் எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. இதைச் சோதித்துச் சொல்ல நம்மைவிடத் தகுதியுடையார் யார்?

சோதனை கடினமன்று. உங்கள் நல்ல நகலை வழக்கமான பதிப்பிலேயே விட்டுவிடுங்கள்; அதைத் தொடாதீர்கள். இழந்தாலும் கவலையில்லாத கோப்புகளைத் தனியே சேருங்கள். நீண்ட தமிழ்ப் பெயர், வெற்றுக் கோப்பு, பெரிய ஒலிப்பதிவு எல்லாம் அதில் இருக்கட்டும். புதிய பதிப்பால் நகல் எடுங்கள். பாதியில் வேலையை நிறுத்திப் பாருங்கள். பின் வேறோர் இடத்தில் மீட்டெடுத்து, மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இந்தக் கடைசிப் படிதான் உண்மையான தேர்வு. பிழை தெரிந்தால் பதிப்பு எண், இயங்குதளம், செய்த முறை, எதிர்பார்த்தது, நேர்ந்தது ஆகியவற்றை ஆக்கியோருக்கு எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்ற ஒரு வரி யாருக்கும் பயன்படாது.

திறந்தமூல மென்பொருளை விலையின்றிப் பெறுகிறோம். பெற்றதற்கு ஈடாகப் பணம் நம்மிடம் இல்லை, பொழுது இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் தந்தால் என்ன குறைந்துவிடும்? அன்று எவரேனும் ஒரு மாணவர் ஒரு நீண்ட தமிழ்ப் பெயரைச் சோதித்திருந்தால், அந்தப் பாட்டியின் குரல் இன்றும் நம் துறையில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

நண்பர்களே, நகல் எடுத்தோம் என்று நிம்மதியாக உறங்க வேண்டாம். திறந்து பார்ப்போம், வாருங்கள்!