கட்டுப்பாட்டை இழந்தது எது?

நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவர்களுக்குச் சில வாக்கியங்கள் மனப்பாடமாகிவிடும். பிராந்திய நிருபர் தொலைபேசியில் ஊரின் பெயரைச் சொல்லும்போதே மிகுதியை இங்கே எழுதி முடித்துவிடலாம். "வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் வீதியோரத்து மதிலுடன் மோதியதில் அதனைச் செலுத்திச் சென்ற இளைஞர் ஸ்தலத்திலேயே உயிரிழந்தார். மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்." பெயரும் வயதும் ஊரும் மாத்திரமே மாறும்.

இந்த வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். கட்டுப்பாட்டை இழந்தது மோட்டார் சைக்கிளாம்! இரும்புக்கும் இறப்பருக்கும் இழப்பதற்கென்று ஒரு கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது? அதனைச் செலுத்த அந்தப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தவர் யார், எத்தனை நாட்கள் கற்றுக் கொடுத்தார், எந்த வயதில் சாவி கைக்கு வந்தது என்பன செய்தியில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. மேலதிக விசாரணை என்னவாயிற்று என்பதும் இடம்பெறுவதில்லை. இலங்கையில் ஆண்டொன்றுக்கு 2,000 க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கின்றனர். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேருக்குக் குறையாத கணக்கு இது. இவ்வளவு சாவுக்கும் ஒரே வாக்கியம் போதுமானதாக இருந்து வருகிறது.

நமது நாட்டில் பிள்ளைகள் வாகனம் ஓட்டக் கற்பதில்லை. பரீட்சையில் தேறக் கற்கிறார்கள். எழுத்துப் பரீட்சை தமிழிலும் உண்டு, அது நல்ல விடயம். அதன் பின்னர் 'லேர்னர்ஸ்' என்று நாம் அழைக்கும் பயிற்சிப் பாடசாலை, எல் பலகை தொங்கும் பழைய கார், ஒரே சுற்றில் சில நாள் ஓட்டம். பிறகு 'ட்ரையல்'. கொழும்பில் இருப்பவர்களுக்கு வெரஹெர என்ற பெயரைச் சொன்னாலே போதும். சிறிது தூரம் ஓட்டிக் காட்டி, பின்னோக்கிச் செலுத்தி நிறுத்திக் காட்டினால் அனுமதிப்பத்திரம் வந்துவிடும். உயர்தரப் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் செய்வதுபோல இதற்கும் மாதிரிப் பாதை ஒன்றைப் பழகுகிறார்கள்.

என் பேத்தி 18 வயது நிறைந்து சில மாதங்களில் அனுமதிப்பத்திரத்துடன் வந்து நின்றாள். வீட்டில் இனிப்பெல்லாம் பரிமாறப்பட்டது. மறுநாள் என்னிடம் தனியாக வந்து சொன்னாள்: "லைசன்ஸ் கிடைச்சிட்டுது, அப்பப்பா. ஆனா காலி வீதியிலை ஏறப் பயமாக் கிடக்கு." அந்தப் பயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பயப்படாத பிள்ளையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தையின் குறுக்கு வீதிகளில் தொடங்கினோம். ரயில் பாதையை ஒட்டிச் செல்லும் மெரைன் டிரைவ் அந்நேரத்தில் ஓரளவு அமைதியாக இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடிக்க அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது வீதியை வாசிக்க. ஆகவே ஒரேயொரு நிபந்தனை விதித்தேன்: கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். நிறுத்தியிருக்கும் முச்சக்கர வண்டியின் முன்சில்லு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? நின்ற பஸ்ஸின் முன்னாலிருந்து யாராவது குறுக்கே வரக்கூடுமா? காருக்குள் ஆள் இருக்கிறாரா, கதவு திறக்கப்படுமா? வாளியுடன் மீன்காரர், வீதியைக் கடக்கத் தயங்கும் மூதாட்டி, பந்து, பந்துக்குப் பின்னால் வரப்போகும் சிறுவன். முதல் நாள் வெட்கப்பட்டு முணுமுணுத்தாள். மூன்றாவது ஞாயிறு, சமிக்ஞை எதுவும் இல்லாமலே, "அந்த ஓட்டோ திரும்பப் போகுது" என்று சொல்லிக் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனாள். ஓட்டோ திரும்பியது.

கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் போய்விடும். கைத்தொலைபேசியை இரண்டு விநாடி பார்த்தால் 28 மீற்றர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும். பௌதிகவியல் பாடத்தில் இதைப் படித்து நல்ல புள்ளி வாங்கிய பிள்ளை அவள். அது வீதியைப் பற்றியது என்று எந்த ஆசிரியரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

வடக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1990 களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது சிறு போத்தலில் வைத்துக் காக்கும் திரவியம். காபுரேட்டருக்குச் சில துளி விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். ஏ-40 களும் மொறிஸ் மைனர்களும் புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தன. மற்ற எல்லோரும் சைக்கிளில். அந்தத் தலைமுறையின் பெரும்பகுதி விரைந்து செல்லும் வாகன நெரிசலை அறியாமலே வளர்ந்து, தாய் தந்தையரானது. 2009 இல் போர் முடிந்த பின்னர் ஏ-9 வீதியும் ஊர் வீதிகளும் காப்பட் ஆயின. லீசிங் கம்பனிகள் வந்தன. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. வீதி வேகமாகிவிட்டது. வீட்டில் அதைச் சொல்லிக் கொடுக்கும் அனுபவம் பல பெற்றோரிடம் இருக்கவில்லை. அவர்களைக் குறை கூற என்னால் முடியவில்லை. ஆனால் பதினைந்து, பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, "அவன் நல்லா ஓடுவான்" என்று பெருமைப்படும் தகப்பனைக் குறை கூறாமல் இருக்கவும் முடியவில்லை.

இன்னொரு வேடிக்கை. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 இல்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைக்காலத்தில் பழைய காரின் விலையே ஒரு காணியின் விலைக்கு ஏறியது. எனவே காரில் கீறல் விழும் என்று பயந்து பிள்ளையைத் தொடவிடாத வீடுகள் பல. அதே வீடுகளில் மோட்டார் சைக்கிள் மட்டும் தாராளமாகக் கைமாறுகிறது. காருக்குக் கீறல் விழுந்தால் பெயின்ற் அடிக்கலாமே என்று யாரும் யோசிப்பதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடம் ஒரு கேள்வி உண்டு. ஒன்ராறியோவில் 16 வயதில் ஜீ-1 பெறும் உங்கள் மகன் தனியாக ஓட முடியாது. குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள ஒருவர் அருகில் அமர வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குட்பட்டவர்கள் 120 மணித்தியாலங்கள் ஓடியதைப் பதிவு செய்து காட்ட வேண்டும்; அதில் 20 மணித்தியாலங்கள் இரவில். இந்த விதி 2007 இல் வந்தது. நீங்கள் வேலை முடிந்து வந்த களைப்போடு பனியிலும் மழையிலும் அருகில் அமர்ந்து இதையெல்லாம் நிறைவேற்றுகிறீர்கள். அதே கையால் ஊரிலுள்ள மருமகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு அனுப்புகிறீர்கள். ரொறன்ரோவிலுள்ள என் பழைய நண்பர் ஒருவரிடம் இதைத் தொலைபேசியில் கேட்டேன். "அவனுக்கு ஓடத் தெரியும் எண்டு அக்கா சொன்னவ" என்றார். "உம்முடைய மகனுக்கும் தெரியும் எண்டு சொல்லி ஜீ-1 இல்லாமல் விட்டிருப்பீரோ?" என்று கேட்டேன். நண்பர் கதையை மாற்றிவிட்டார். காசு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு வயது ஆகட்டும், அனுமதிப்பத்திரத்தின் படம் வட்ஸ்அப்பில் வரட்டும், தலைக்கவசத்துக்கும் சேர்த்து அனுப்புகிறேன் என்று சொல்வதில் உறவு முறிந்துவிடாது.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. எழுத்துப் பரீட்சையில் தேறியவர் ட்ரையலுக்குப் போகும்வரை உள்ள காலம் இப்போது வெறுமனே காத்திருக்கும் காலமாகக் கழிகிறது. அந்தக் காலத்தில் எத்தனை மணித்தியாலம், எந்த வீதியில், பகலிலா இரவிலா ஓடினார் என்று கையொப்பத்துடன் காட்டும் பதிவுப் புத்தகம் ஒன்றைக் கட்டாயமாக்கலாம். மூன்று மொழிகளிலும் அச்சிடலாம். பொய்யாக நிரப்புவார்கள் என்று ஒரு முன்னாள் அதிகாரி என்னிடம் சிரித்தார். சிலர் நிரப்புவார்கள்தான். சிட்னியிலும் நிரப்புகிறவர்கள் இருப்பார்கள். அதற்காக அங்கே புத்தகத்தைக் கைவிட்டுவிடவில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டிலிருக்கும் காலம் இதற்கு மிகவும் பொருத்தமானது. அரசாங்கம் புத்தகம் அச்சிடும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியொன்றில் கோடு போட்டுக்கொள்ளலாம். என் பேத்தியின் கொப்பியில் இதுவரை 31 மணித்தியாலங்கள் பதிவாகியுள்ளன. மழைக்கென்று ஒதுக்கிய பத்தியில் இரண்டு வரிகள். இரவுக்கான பத்தி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.