தண்டச் சோறு தின்னும் சேனை

கம்ப்யூட்டர் திரையில் ராஜ்யம் ஆள்வது சுலபம் என்று நினைப்பவர்கள் 'சிவிலைசேஷன் 2' ஆடிப் பார்க்கலாம். மைக்ரோபுரோஸ் 1996-ல் வெளியிட்ட, முறைவைத்து ஆடும் விளையாட்டு. இதில் எதிரிக்குச் சமமான ஆபத்து, சேனையின் செலவுக் கணக்கு.

ஒவ்வொரு படைக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு. படை எங்கே நின்றாலும் செலவு அந்த ஊர் தலையில். முடியாட்சியில் ஊருக்கு 3 படைகள் இலவசம். நாலாவதிலிருந்து படைக்கு ஒரு கேடயம் - உற்பத்தியின் அளவு அதுதான் - ஒவ்வொரு முறையும் கழியும். 6 கேடயம் தயாரிக்கும் ஊருக்கு 5 படைகள் இருந்தால் மிச்சம் 4. 60 கேடயம் கேட்கும் தானியக் களஞ்சியம் 10 முறைக்குப் பதில் 15 முறை இழுக்கும். கேடயம் போதாவிட்டால் படையே கலைந்துவிடும்.

அப்படியானால் படைகளைக் குறைத்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். முடியாட்சியில் ஊருக்குள் காவல் நிற்கும் ஒவ்வொரு படையும் அதிருப்தியாளர் ஒருவரைச் சாந்தப்படுத்துகிறது - 3 பேர் வரை. இலவசமும் மூன்று, அமைதியும் மூன்று.

ஜனநாயகத்தில் கதை தலைகீழ். காவல் படைக்கு யாரும் அடங்குவதில்லை, இலவசமும் கிடையாது. படையை வெளியே போருக்கு அனுப்பினால் சொந்த ஊரில் 2 பேர் முகம் சுளிப்பார்கள். கலவரம் 2 முறை நீடித்தால் அரசே கவிழும்.

ஆகவே ஜனநாயகத்துக்கு மாறுமுன் உள்நாட்டு ஊர்களில் உபரிப் படைகளைக் கலைத்துவிடுவது உத்தமம். எல்லை ஊரில் மட்டும் வேண்டாம். ஆளில்லாத மதிலை எதிரி எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான்.