பழகிய வண்டியும் பதித்த பெயரும்

விலை மிகுந்த பொருளெல்லாம் மதிப்பு மிகுந்த பொருளாகுமா? மோட்டார் வண்டிகளைப் பற்றிய பேச்சிலும் இவ்வினா எழவே செய்கிறது. அமெரிக்க நாட்டு வண்டிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங். இரண்டிற்கும் 'புல்லிட்' என்னும் திரைப்படத்தோடு தொடர்புண்டு. ஒன்று 1968ஆம் ஆண்டினது. மற்றது அதன் ஐம்பதாண்டு நினைவாக 2018இல் அறிமுகமானது.

அளவான உடலில் பேராற்றல் வாய்ந்த எஞ்சினைப் பூட்டி, இளைஞர் வாங்கத்தக்க விலையில் 1960களில் விற்கப்பட்ட வண்டிகளை 'மசில் கார்' என்றனர். நுணுகி வகுப்போர் மஸ்டாங்கைப் 'போனி கார்' எனத் தனியே பிரிப்பர். அவ்வழக்கில் நாம் புகவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் மேடும் பள்ளமுமான தெருக்களில் நடிகர் ஸ்டீவ் மெக்குயின் அப்படத்தில் ஓட்டிய மஸ்டாங்கின் எஞ்சின் 390 கன அங்குலம்; ஆற்றல் 325 குதிரைத்திறன். படம் முடிந்தபின் அவ்வண்டியை எவரும் அருங்காட்சியகத்தில் வைத்துப் போற்றவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. கைமாறிச் சென்ற அது, 1974இல் ஏறத்தாழ 6,000 டாலருக்கு ஒரு குடும்பத்தாரை அடைந்தது. அக்குடும்பத் தலைவி பள்ளி ஆசிரியை. அவ்வண்டியிலேயே பணிக்குச் சென்று வந்தார். 1977இல் மெக்குயினே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் தர இசையவில்லை. பின்னர்க் கிளட்ச் பழுதுற்று, வண்டி பல்லாண்டுகள் கொட்டிலில் முடங்கிற்று. படப்பிடிப்புக் கருவியைப் பொருத்த அடியில் பற்றவைத்த குழாய்கள், துரு, மங்கிய வண்ணம் ஆகிய எல்லாவற்றோடும் அது 2020 சனவரியில் ஃபுளோரிடாவில் ஏலத்திற்கு வந்தது. விலை 37 இலட்சத்து 40 ஆயிரம் டாலர்!

நடிகரின் புகழுக்கன்றோ அவ்விலை என்பார் உளர். மறுக்கவில்லை. ஆயினும் அதே படத்தில் உழைத்த மற்றொரு மஸ்டாங் பிற்காலத்தில் மெக்சிகோவில் பழைய இரும்புக் கிடங்கொன்றில் கண்டெடுக்கப்பட்டது. புகழ் மட்டும் அதனைக் காத்துவிடவில்லை.

புதிய 'புல்லிட்' மஸ்டாங்கின் ஆற்றல் 480 குதிரைத்திறன். உச்ச வேகம் மணிக்கு 163 மைல். அடர்பச்சை வண்ணமும் கியர் தண்டின் வெண்ணிறக் குமிழும் பழைமையை நினைவூட்டுகின்றன. ஒவ்வொரு வண்டியிலும் வரிசை எண் பொறித்த தகடொன்று பதிக்கப்பட்டுள்ளது. முதல் எண் வண்டி 2018 சனவரியில் 3 இலட்சம் டாலருக்கு ஏலம் போய், அத்தொகை மெக்குயின் இளமையில் பயின்ற சீர்திருத்தப் பள்ளிக்கு அளிக்கப்பட்டது. அந்த அறச்செயலை நாம் குறைகூறோம்.

மழை நாளில், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் செல்ல நேர்ந்தால் நாம் தேர்ந்தெடுப்பது புதியதையே. தடுப்பாற்றலிலும் காப்பிலும் பழையது அதன் அருகில் நிற்கவியலாது. எனினும், சேகரிப்புப் பொருளாக அதனை ஒப்ப மனம் தயங்குகிறது. பழைய வண்டி ஓடியது, தேய்ந்தது, ஒரு குடும்பத்தின் காலை வேளைகளைச் சுமந்தது. அரியதாக விளங்க வேண்டுமென அதனை எவரும் வார்க்கவில்லை. புதியதோ ஆலையிலிருந்து வெளிவரும்போதே நினைவுச்சின்னமென்னும் பெயரோடு வந்துவிட்டது. வாங்கியவர் அதன்மேல் துணி போர்த்தி, ஓட்டாமல் வைத்து, விலை ஏறும் நாளை எண்ணிக் காத்திருப்பாராயின், தகட்டில் உள்ள எண்ணைத் தவிர அதற்கு வரலாறு ஏது?

பழைய வண்டியின் நிலையும் இன்று மகிழத்தக்கதன்று. அத்தனை விலை பெற்றபின் எந்த ஆசிரியை அதில் பள்ளிக்குச் செல்ல இயலும்? அதனைப் புகழ்ந்து எழுதும் நம்மனோர்க்கும் அதில் பங்குண்டு. புதிய 'புல்லிட்' வாங்கியோருள் எவரேனும் நாள்தோறும் அதில் வேலைக்குச் சென்று வருவாராயின், இன்னும் ஐம்பதாண்டு கழித்து அவ்வண்டியைக் காணவே நாம் விரும்புவோம்.