மகளின் மடிக்கணினிக்குக் காப்புறுதி: யாருக்குத் தேவை, யாருக்கு வீண்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கும் எனது மகளுக்கு மடிக்கணினி ஒன்று வாங்குவதற்காகப் பம்பலப்பிட்டிப் பக்கம் போயிருந்தேன். விலை பேசி முடிந்து, பணத்தை எண்ணிக் கொடுத்து, பில் எழுதும் நேரத்தில் கடைத் தம்பி இன்னொரு தாளை நீட்டினார். "ஹாஜியார், கீழே விழுந்தாலும் தேத்தண்ணி ஊத்துப்பட்டாலும் கவர் இருக்கு. வருஷத்துக்குப் பத்தாயிரம்தான். புள்ள ஹொஸ்டல்ல இருக்கப் போகுது, போட்டுக்கங்க" என்றார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு இலட்சம் கொடுத்து முடித்தவனுக்குப் பத்தாயிரம் பெரிதாகத் தெரியாது என்பது அந்தத் தம்பிக்குத் தெரியும். எமக்கும் தெரியும். புடைவையை விற்ற பிறகுதானே நாமும் சட்டைத் துணியை எடுத்துக் காட்டுகிறோம்!

யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன். வரும் வழியில் மகள் கேட்டாள்: "வாப்பா, கடைக்குக் காப்புறுதி செய்திருக்கிறீங்கதானே, இதுக்கு மட்டும் ஏன் யோசிக்கிறீங்க?" நியாயமான கேள்வி. எம்மவர்களில் பலருக்கும் இன்று இந்தக் கேள்வி இருக்கிறது. 2020 இல் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புகள் இணையத்துக்குப் போன நாள் முதல் மடிக்கணினி என்பது வசதியுள்ள வீட்டுப் பொருள் என்ற நிலை மாறிவிட்டது. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கும் வேண்டும், கணக்கியல் பரீட்சை எழுதும் பிள்ளைக்கும் வேண்டும். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

"இது உடையுமா?" என்பதுதான் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி. வியாபாரி கேட்க வேண்டியது வேறு. உடைந்தால் என்னால் தாங்க முடியுமா என்பதே அது. தாங்கக்கூடிய நட்டத்துக்குக் காப்புறுதி செய்பவர், தன் பணத்தையே இன்னொருவர் கையில் கொடுத்து, அதிலிருந்து அலுவலகச் செலவும் முகவரின் தரகும் போக மிச்சத்தைத் திருப்பிக் கேட்கிறார். தாங்க முடியாத நட்டத்துக்குக் காப்புறுதி செய்பவரின் கதை வேறு. அவர் கொடுக்கும் கட்டுப்பணம் அவரை வீழ்ச்சியிலிருந்து காக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். இலக்கங்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கையிலுள்ள தாளில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள். மடிக்கணினி இரண்டு இலட்சம் ரூபா, ஆண்டுக் கட்டுப்பணம் 10,000 ரூபா. பிள்ளைகளின் கையில் அதிகம் உடைவது திரை. அதை மாற்ற 40,000 ரூபா முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 10,000 ரூபாவை நாமே ஏற்க வேண்டும் என்று பத்திரத்தில் இருந்தால் (இதைத்தான் 'எக்சஸ்' என்கிறார்கள்) கைக்கு வருவது 30,000 ரூபா. அதாவது மூன்று வருடத்துக்கு ஒரு முறை திரை உடைந்தால்தான் நீங்கள் கட்டியதும் பெற்றதும் சமம். மூன்று வருடத்தில் ஒரு முறையாவது உடைக்கும் பிள்ளையா உங்கள் பிள்ளை? அது உங்களுக்குத்தான் தெரியும். எனது இளைய மகன் என்றால் ஆறு மாதமே அதிகம்.

சரி, திருத்தவே முடியாதவாறு முழுமையாக நாசமானால்? பல பத்திரங்களில் வருடத்துக்கு இத்தனை வீதம் என்று தேய்மானம் கழிக்கப்படும். 20 வீதம் என்றால், இரண்டு வருடம் பாவித்த பிறகு இரண்டு இலட்சத்தின் பெறுமதி 120,000 ஆகிவிடும். முதல் பத்தாயிரமும் போக 110,000 ரூபா கிடைக்கும். அதைக் கொண்டு புதியதொன்று வாங்க முடியாது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தாண்டியது நினைவிருக்கும். 2021 இல் வாங்கிய விலைக்குப் பத்திரம் எடுத்தவர், 2022 நடுப்பகுதியில் அந்தத் தொகை முழுவதையும் பெற்றிருந்தாலும் அதே தரத்தில் ஒன்றை வாங்கியிருக்க முடியாது. இறக்குமதிப் பொருளில் வியாபாரம் செய்யும் எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படிச் சொல்வதால் காப்புறுதியே வேண்டாம் என்று நான் கூறுவதாக எண்ணிவிட வேண்டாம். என் கடைக் கணக்கப்பிள்ளையின் விடயத்தில் எனது அபிப்பிராயம் நேர்மாறானது. அவருடைய மகனும் இவ்வருடம் பல்கலைக்கழகம் போகிறார். மடிக்கணினியைத் தவணை முறையில்தான் எடுத்திருக்கிறார். மாதம் மாதம் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அது மூன்றாம் மாதம் பஸ்ஸில் விழுந்து உடைந்தால், இல்லாத பொருளுக்கு மிச்சத் தவணைகளையும் கட்ட வேண்டும், இன்னொன்றுக்கும் வழி தேட வேண்டும். வழி கிடைக்கும் வரை அந்தப் பிள்ளை நண்பர்களிடம் இரவல் கேட்டுத் திரிய வேண்டும். அவருக்கு அந்தப் பத்தாயிரம் வீணல்ல. ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? முதலாளி ஒரு கையெழுத்தில் காப்புறுதி செய்துவிட்டு வருகிறார், கணக்கப்பிள்ளை "அது பெரியாக்களுக்குச் சரி சேர்" என்று விட்டுவிடுகிறார். யாருக்குத் தேவையோ அவர் எடுப்பதில்லை, யாருக்குத் தேவையில்லையோ அவர் எடுக்கிறார்.

எடுப்பது என்று தீர்மானித்தவர்கள் தாளை வாசிக்க வேண்டும். முதலில், அது யாருடைய தாள்? உற்பத்தியாளரின் வொரண்டி விபத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. பொருளில் உள்ள குறைபாட்டுக்கு மட்டுமே. சில கம்பனிகள் விபத்துச் சேதத்துக்கெனத் தனியாகப் பணம் பெற்றுக்கொண்டு ஒரு பாதுகாப்புத் திட்டம் கொடுக்கின்றன. அதை வாங்கிய சில நாட்களுக்குள் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். டுபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்ததற்கு இங்குள்ள சேவை நிலையம் பொறுப்பேற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வகை கடைக்காரரே தன் பெயரில் கொடுக்கும் 'பாதுகாப்பு'. அது காப்புறுதி அல்ல, வாக்குறுதி. கடை பூட்டப்பட்டால் வாக்குறுதியும் பூட்டப்படும். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற காப்புறுதி நிறுவனத்தின் பெயர் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வாறான நிறுவனத்துடன் பிணக்கு ஏற்பட்டால் காப்புறுதி ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கடைக்காரரின் தாளை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது.

அடுத்தது, எவை உள்ளடங்காது என்ற பகுதி. சிறிய எழுத்தில் இருப்பது அதுதான். திருட்டு என்றால் பூட்டை உடைத்த அடையாளம் வேண்டும் என்று சில பத்திரங்கள் கேட்கும். விடுதி அறையில் கட்டிலின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரம் காணாமற் போனால் அவை பணம் தராது. மின்சார ஏற்ற இறக்கத்தால் உள்ளே எரிந்து போவது விபத்தாகக் கருதப்படுமா, இயந்திரக் கோளாறாகக் கருதப்படுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இடியும் மின்னலுமாக இருக்கும் ஏப்ரல் மாதத்தில் இது சிறிய விடயமல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மகனின் மடிக்கணினியைக் கடைச் சொத்தாகக் காட்டி, கடையின் பத்திரத்திலேயே சேர்த்துவிடும் பழக்கம் எம்மில் சிலரிடம் உண்டு. கட்டுப்பணம் குறைவு, கணக்கிலும் செலவாக எழுதலாம் என்பது நினைப்பு. ஒலுவில் விடுதியில் உடைந்த பொருளுக்குப் புறக்கோட்டைக் கடையின் பத்திரத்தைக் காட்டி நட்டஈடு கேட்டால், மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. உண்மையை மறைத்து எடுத்த பத்திரம் தேவைப்படும் நாளில் வெறும் தாள். அது பொய் என்பது வேறு விடயம்.

மார்க்க ரீதியாகத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். 1985 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, வர்த்தகக் காப்புறுதி கூடாது என்றும் கூட்டுறவு அடிப்படையிலானதே மாற்று வழி என்றும் தீர்மானித்தது. எமது நாட்டில் 1999 இல் அமானா தகாபுல் ஆரம்பிக்கப்பட்டது முதல் அந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் தகாபுல் என்ற சொல்லைக் கண்டதும் வாசிக்காமல் கையெழுத்திடுவது சரியல்ல. எக்சஸும் விதிவிலக்குகளும் அங்கும் இருக்கும். அங்கும் அவற்றை வாசித்தே ஆக வேண்டும்.

வசதியுள்ள குடும்பங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நாங்கள் சகோதரர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவர் வீட்டிலும் குறைந்தது ஒரு மடிக்கணினி. வீட்டுக்குப் பத்தாயிரம் வீதம் ஒதுக்கினால் வருடத்துக்கு ஐம்பதாயிரம். ஒவ்வொரு வருடமும் ஒரு திரை உடைந்தாலும் மிச்சம் பத்தாயிரம் இருக்கும், உடையாத வருடத்தில் முழுவதும் எமது பணம். சீட்டுப் பிடித்துப் பழகிய சமூகத்துக்கு இது புதிதல்ல. ஒன்றுதான் நிபந்தனை: அந்தப் பணம் கடை லாச்சிக்குள் போகக்கூடாது. போனால் அடுத்த காசோலைக்கே போய்விடும்.

மகளின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கடைக்கு ஏன் காப்புறுதி? கடை எரிந்தால் என்னால் எழும்ப முடியாது என்பதால். ஆனால் அந்த இரவு பழைய கோப்பைத் திறந்து எனது கடைப் பத்திரத்தை வாசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. தீ இருந்தது. வெள்ளம் இல்லை. கலவரமும் உள்நாட்டுக் குழப்பமும் இல்லை. அவை மேலதிகக் கட்டுப்பணம் செலுத்தித் தனியாகச் சேர்க்கப்பட வேண்டியவை. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கியதைக் கண்ணால் கண்டவன் நான். 2018 மார்ச்சில் திகனையிலும் 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் எம்மவர் கடைகள் எரிந்த பிறகும் இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். இரண்டு இலட்சம் ரூபா மடிக்கணினிக்கு அரை மணி நேரம் யோசித்தவன், வாழ்நாள் உழைப்பான கடையின் பத்திரத்தை வருடா வருடம் வாசிக்காமலே புதுப்பித்து வந்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் முகவரைக் கூப்பிட்டு இரண்டையும் சேர்த்தாயிற்று.

மகளின் மடிக்கணினிக்குக் காப்புறுதி எடுக்கவில்லை. கடைத் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. அந்தப் பத்தாயிரத்துக்குள் தடித்த பை ஒன்றும், விடுதிக் கட்டிலோடு பூட்டி வைக்கும் கம்பிப் பூட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். கைக்காசு கொஞ்சம் சேர்த்து, பாடக் குறிப்புகளைப் பிரதி எடுத்து வைக்கச் சிறிய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கினேன். இறுதி வருட ஆய்வு அழிந்து போனால் அதற்கு எந்த நிறுவனமும் நட்டஈடு தருவதில்லை. கணக்கப்பிள்ளையின் மகனுக்கு ஒரு வருடப் பத்திரம் எடுக்கச் சொல்லி, கட்டுப்பணத்தில் பாதியைக் கடை ஏற்பதாகச் சொன்னேன். எடுத்துவிட்டேன் என்கிறார், தாளை இன்னும் காட்டவில்லை. இந்த வாரம் கேட்க வேண்டும்.