வியன்னாவில் ஒரு பழைய கட்டிடம்

உக்ரேன் வழியாக ஐரோப்பாவுக்கு ரஷ்ய எரிவாயுவைக் கொண்டு சென்ற குழாய்ப் பாதை 2025 ஆம் வருஷம் ஜனவரி மாதம் 1 ந் தேதி அடைபட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, 2024 நவம்பரில், ரஷ்யாவின் காஸ்ப்ரோம் கம்பெனி, ஆஸ்திரியாவின் ஓ.எம்.வி. கம்பெனிக்கு வாயு அளிப்பதை நிறுத்திவிட்டது. மேற்கு ஐரோப்பாவிலேயே முதன்முதலாக, 1968 ஆம் வருஷத்தில், சோவியத் சர்க்காருடன் வாயு ஒப்பந்தம் செய்துகொண்ட தேசம் ஆஸ்திரியா. 2018 இல் அந்த ஒப்பந்தத்தை 2040 வரை நீட்டித்துக் கொண்டதும் அதே தேசந்தான். 2022 இல் உக்ரேன் யுத்தம் மூண்டபோது, அங்கே இறக்குமதியான வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. மலிவென்று வாங்கிய சரக்கு தேசத்தின் கையைக் கட்டும் கயிறாக முடிந்தது.

இத்தகைய நெருக்கடியில் ராஜதந்திரிகள் புதிய குழாய்களைப் பற்றியும் புதிய வியாபாரிகளைப் பற்றியும் பேசுவது இயல்பே. ஆனால் ஓர் எஜமானனை விட்டு மற்றோர் எஜமானனைத் தேடுவது விடுதலையாகாது. வேண்டுவதைக் குறைத்துக் கொள்வதும், வேண்டுவதைத் தன் கூரையிலேயே உண்டாக்கிக் கொள்வதும் உறுதியான வழியாகும். அவ்வழியை வியன்னா நகரத்துச் சர்வகலாசாலையொன்று நெருக்கடிக்கு எட்டு வருஷங்களுக்கு முன்பே நடத்திக் காட்டியிருக்கிறது. அதை நமது வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

1815 இல் ஸ்தாபிக்கப்பட்ட வியன்னா தொழில்நுட்ப சர்வகலாசாலைக்கு, கெட்ரைடமார்க்ட் என்னும் வீதியில் 11 அடுக்குக் கட்டிடமொன்று உண்டு. எண்ணெய் மலிந்து கிடந்த காலத்து மனோபாவத்துடன் சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் எழுப்பப்பட்ட அக்கட்டிடத்தில் ரசாயனப் பகுதியினர் வேலை செய்து வந்தனர். அவர்கள் வேறிடம் மாறிய பின், அதை இடித்துத் தள்ளாமல், கான்கிரீட் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புதுப்பித்தனர். 2014 இல் அது யந்திரப் பொறியியல் ஆராய்ச்சியாளர்களின் இருப்பிடமாகத் திறக்கப்பட்டது.

திட்டத்தை வகுத்தவர்கள் காட்டும் கணக்கு ஆச்சரியமானது. மின்சாரம் உற்பத்தியாகும் இடத்தில் எரியும் எரிபொருள் முதற்கொண்டு கணக்கிட்டால், பழைய கட்டிடம் வருஷத்துக்குச் சதுர மீட்டர் ஒன்றுக்கு 803 யூனிட் சக்தியை விழுங்கியது. புதுப்பித்த கட்டிடத்திற்கு 56 யூனிட் போதும் என்பது திட்டம். அதாவது பதினான்கில் ஒரு பங்கு. கூரையிலும் சுவர்களிலும் பதித்த சோலார் பலகைகளின் திறன் மொத்தம் 328 கிலோவாட். வருஷக் கணக்கைப் பார்க்குமிடத்து, தான் செலவிடுவதைவிட அதிகமான சக்தியைத் தானே தரும் முதல் அலுவலகக் கோபுரம் என்று இதைச் சொல்கின்றனர். குளிர்காலத்தில் வெளி மின்சாரத்தை வாங்கி, கோடையில் திருப்பித் தருவதால் கணக்கு இவ்வாறு நேராகிறது.

இதை எங்ஙனம் சாதித்தனர்? மந்திரம் ஒன்றுமில்லை. ஏறக்குறைய 9,300 உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தனர். சுவரின் காப்பு, ஜன்னல், விளக்கு, கம்ப்யூட்டர், காப்பி போடும் யந்திரம் வரையில் யாதொன்றும் அற்பமென்று விடப்படவில்லை. யாரும் உபயோகிக்காத வேளையில் கருவிகள் வீணே உறிஞ்சும் மின்சாரத்தையும் கணக்கில் பிடித்தனர். கம்ப்யூட்டர் அறையின் வெப்பம் கட்டிடத்தைச் சூடாக்கப் பயன்படுகிறது. லிப்ட் நிற்கும்போது விரயமாகும் சக்தியும் மீட்கப்படுகிறது.

இதே ஆஸ்திரியாவில் வேறொரு முயற்சியும் நடந்ததுண்டு. ஸ்வென்டன்டார்ஃப் என்னுமிடத்தில் அணுசக்தி நிலையமொன்றைக் கட்டி முடித்தனர். 1978 இல் ஜனங்களின் வாக்குக் கேட்டபோது, 50.5 சதவிகிதத்தினர் கூடாதென்றனர். நிலையம் ஒருநாளும் இயங்கவில்லை. அத்தீர்ப்பின் நியாயத்தை இங்கு விவாதிக்கப் புகவில்லை. ஒரே பெரிய பரிகாரத்தை நம்பினால் ஒரே அடியில் அது வீழ்ந்துவிடக்கூடும். ஒன்பதாயிரம் சிறு சிக்கனங்களையோ எந்த வாக்கெடுப்பும் எந்த அந்நியக் கம்பெனியும் ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது.

எனினும் இவ்வெற்றிக்குள்ள எல்லையை மறைப்பது நேர்மையாகாது. இக்கட்டிடம் இன்று பெரும்பாலும் எழுத்து வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் உரிய அறைகளைக் கொண்டது. ரசாயனச் சாலைகளின் தன்மை வேறு. விஷப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிகள் அங்கே இடைவிடாமல் காற்றை வெளியே தள்ளுகின்றன. அதனுடன் விலை கொடுத்து உண்டாக்கிய வெப்பமும் போய்விடுகிறது. ஆராய்ச்சியாளர்களின் உயிர்ப் பாதுகாப்பைக் குறைத்துச் சிக்கனம் செய்ய எவரும் துணியமாட்டார். ஆகவே, சக்தி அதிகம் செலவாகும் இடமே சீர்திருத்தத்திற்கு மிகவும் கடினமான இடமாக எஞ்சி நிற்கிறது.

மற்றொரு தடை பணத்தைப் பற்றியது. ஆஸ்திரியாவில் சர்வகலாசாலைக் கட்டிடங்களில் பெரும்பாலானவை சர்க்காருக்குச் சொந்தமான ஒரு கம்பெனியின் உடைமை. சர்வகலாசாலைகள் வாடகைக்கு இருப்பவை. புதுப்பிக்கும் செலவு ஒருவர் தலையிலும், மின்சாரக் கட்டணத்தில் மிஞ்சும் லாபம் மற்றவர் பையிலும் சேருமானால், இருவரும் கைகட்டி நிற்பதே வழக்கம். கெட்ரைடமார்க்ட் வீதியில் சொந்தக்காரரும் குடியிருப்பவரும் ஆரம்பத்திலேயே ஒன்றுகூடித் திட்டமிட்டதால்தான் காரியம் கைகூடியது.

இருவரும் கடைசியில் ஒரே பொக்கிஷத்திலிருந்து பணம் பெறுபவர்களே. அவ்வாறிருக்க, லாபத்தையும் செலவையும் பங்கிட்டுக்கொள்ள ஒரு சட்டம் செய்வது சர்க்காருக்கு அரிய காரியமன்று. 2022 இல் எரிபொருள் விலை ஏறியபோது சர்வகலாசாலைகள் மானியத்துக்குக் கையேந்த நேர்ந்தது. கட்டணத்தைக் கட்ட அளிக்கும் பணம் புகையாகப் போகும்; சுவரையும் காற்றுக் குழாயையும் சீர்செய்ய அளிக்கும் பணம் வருஷந்தோறும் பலன் தரும். முதற்பரீக்ஷை அலுவலக அறைகளில் தேறிவிட்டது. இனிப் பரிசோதனைச் சாலைகளில் கைவைக்க வேண்டும். அங்கும் தேறினாலொழிய, அயலான் குழாயை நம்பாமல் வாழ முடியும் என்று அத்தேசம் உலகுக்கு உரைக்க இயலாது.