போகிறவரின் முகவரி

நான் 26 ஆண்டுகள் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். பதவி சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்லூரியின் இணைய முகவரிக்கு முன்னால் அவரவர் பெயரை ஒட்டி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சப்டொமைன் கொடுக்கும் வேலையும் என்னுடையதே.

ஓய்வுபெற்ற பிறகு, வேறொரு கல்லூரியில் இதற்கு விதிகள் வகுக்க உதவி கேட்டார்கள். தயாராக ஒரு வரைவு வைத்திருந்தார்கள். நான்கு பக்கம். யாருக்குக் கொடுக்கலாம், எந்தப் படிவம், யார் யார் கையெழுத்து எல்லாம் இருந்தது. வாங்கியவர் கல்லூரியை விட்டுப் போனால் அந்த முகவரி என்ன ஆகும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நான் பார்த்த தகராறுகள் அத்தனையும் அங்கேதான் முளைத்தன.

எங்கள் தாவரவியல் பேராசிரியர் ஒருவர், மலையடிவாரச் செடிகளின் படங்களையும் ஊர்ப் பெயர்களையும் வருடக்கணக்காகத் தன் பக்கத்தில் சேர்த்துவந்தார். மே 31 அன்று ஓய்வு. ஜூன் முதல் வாரம் அலுவலகத்திலிருந்து, மூட வேண்டிய கணக்குகளின் பட்டியல் வந்தது. மூடினேன். ஆகஸ்டில் போன் செய்தார்: "தம்பி, என் பக்கம் திறக்க மாட்டேங்குதே." பேக்கப்பில் தேடியதில் பாதிதான் கிடைத்தது. பட்டியல் அலுவலகத்துடையது என்றாலும் அழித்த கை என்னுடையது.

இன்னொன்று இதற்கு நேர்மாறு. ஒரு மாணவன் தன் சப்டொமைனை வெளியே உள்ள இலவச ஹோஸ்டிங் ஒன்றுக்குத் திருப்பி வைத்திருந்தான். படிப்பு முடிந்தது, அந்தக் கணக்கை மூடிவிட்டான். ஆனால் எங்கள் டிஎன்எஸ் பதிவு அங்கேயே கைகாட்டிக்கொண்டு நின்றது. யாரோ அந்த ஹோஸ்டிங்கில் அதே இடத்தைப் பிடித்துக்கொள்ள, கல்லூரிப் பெயரில் ரம்மி விளம்பரம் ஓடியது. எங்களுக்கு அதைச் சொன்னது ஒரு மாணவியின் அப்பா. செமஸ்டருக்கு ஒருமுறை பதிவுகளைச் சரிபார்த்திருந்தால் இது நடந்திருக்காது. அரை நாள் வேலைதான்.

ஆகவே என் முதல் கட்சி: உறுப்பினர்களின் பக்கங்களுக்குத் தனி டொமைன் வாங்குங்கள். கட்டணமும் தேர்வு முடிவும் இருக்கிற டொமைனில் தனிநபர் பக்கங்கள் வேண்டாம். டெபியன் என்ற லினக்ஸ் அமைப்பில் அதிகாரப்பூர்வ சேவைகள் டெபியன்.ஆர்க் என்ற முகவரியில் இருக்கும். டெவலப்பர்கள் தாங்களாக நடத்துபவை டெபியன்.நெட்டில். முகவரியைப் பார்த்தாலே யார் பொறுப்பு என்று தெரிந்துவிடும். கிட்ஹப் நிறுவனமும் 2013-இல் பயனர் பக்கங்களை கிட்ஹப்.காமிலிருந்து கிட்ஹப்.ஐஓ-வுக்கு மாற்றியது. காரணம், சப்டொமைனில் ஓடும் பக்கம், மேலே உள்ள டொமைன் முழுவதற்கும் செல்லும்படி குக்கீ போட முடியும். போலிப் பக்கம் நடத்துகிறவர்களுக்கும் நம்பகமான முகவரி வசதி. மாற்றியபோது பழைய முகவரிக்கு வந்தவர்களைப் புதியதற்குத் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தனி டொமைன் வந்தால் முதல்வர்களின் வழக்கமான பயமும் பாதி குறையும். "சார், நம்மையே திட்டி எழுதிட்டா?" எழுதட்டுமே. அது அவருடைய பக்கம். முன் அனுமதி பெற்றுத்தான் எழுத வேண்டும் என்றால் யாரும் எதையும் எழுத மாட்டார்கள், சுற்றறிக்கைகள்தான் மிஞ்சும்.

அடுத்தது பெயர்ச் சண்டை. டிஎன்எஸ் விதிப்படி புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே 63 எழுத்து வரை வைக்கலாம். எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் வேண்டியது ஆங்கிலத்தில் ஆறே எழுத்து: செல்வம். முந்தியவருக்கே பெயர் என்று வைத்தேன், முதலாமாண்டு மாணவன் தட்டிப்போனான். துறைத்தலைவர் செல்வம் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. திருமணமாகி இனிஷியல் மாறிய ஆசிரியை புதுப் பெயர் கேட்டார்; முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் முன்னால் டாக்டர் சேர்க்கச் சொன்னார். இரண்டையும் செய்துகொடுக்கலாம், பழைய பெயர் புதியதற்குத் திருப்பிவிடும் என்றால். ஃபீஸ், அட்மிஷன், ரிசல்ட், பிரின்சிபல் போன்ற சொற்களை மட்டும் யாருக்கும் தரக் கூடாது. ஒரு பையன் விளையாட்டாக ஃபீஸ் என்ற பெயரைக் கேட்டான். அதில் பணம் கட்டும் பக்கம் ஒன்றைப் போட்டு பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

போகிறவருக்கு நான் எழுதிக்கொடுத்தவை இவை. ஆறு மாதம் முன்பே அறிவிப்பு. போன பிறகு இரண்டு வருடம் பக்கம் அப்படியே இருக்க வேண்டும், அல்லது அவர் சொல்லும் புது முகவரிக்குத் திருப்ப வேண்டும். ஒருவர் விட்டுப்போன பெயரை இன்னொருவருக்கு எப்போதும் தரக் கூடாது. பழைய செல்வத்தைத் தேடி வருகிறவர் புதுச் செல்வத்தின் வாசலில் நிற்பார். "போனவருக்கு எதுக்கு சார் இவ்வளவு?" என்றார் விதி வகுக்கும் குழுவில் ஒருவர். திருப்பிவிட ஒரு வரி போதும், செலவு கிடையாது என்று காட்டினேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

பணியில் இருக்கும்போதே இறந்துவிடுகிறவர்களின் பக்கங்களும் உண்டு. 2021-இல் கோவிட்டில் போன எங்கள் கணித ஆசிரியரின் பக்கத்தில் அந்த வார ஆன்லைன் வகுப்பு அட்டவணை கடைசி வரை இருந்தது. நான் இருந்தவரை அதை மூடவில்லை. புது வரைவில் ஏழாவது பிரிவாக இதைச் சேர்த்திருக்கிறேன்: குடும்பத்தாரைக் கேட்காமல் மூடக் கூடாது. எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டிருக்கிறேன். குழு கூடி நிரப்பட்டும்.