தஞ்சாவூர்ப் பண்டிதர் ஒருவர்

செவ்வாய்க்கிழமை இரவு தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. வெளியுறவுக் கொள்கை பற்றி நான்கு பேர் பேசினார்கள். “நிரந்தர நண்பனும் இல்லை, நிரந்தரப் பகைவனும் இல்லைன்னு சாணக்கியர் அன்னிக்கே சொல்லிட்டார்” என்றார் ஒருவர். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரர் பாமர்ஸ்டன் ஐயா! 1848-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சராக நாடாளுமன்றத்தில் அந்தக் கருத்தைச் சொன்னவர். சாணக்கியர் பெயரில் வாட்ஸப்பில் உலவும் பொன்மொழிகளைப் பற்றி முன்பொரு தடவை புலம்பி வாங்கிக்கட்டிக்கொண்டேன். பட்டும் திருந்தவில்லை நான்.

சாணக்கியரின் அர்த்தசாஸ்திரம் உண்மையில் சொல்வது இதைவிட ருசியானது. வெற்றியை நாடும் அரசன் நடுவில். எல்லையை ஒட்டியவன் பகை. அவனுக்கு அடுத்தவன் நட்பு. அதற்கும் அடுத்தவன் பகைவனுக்கு நண்பன். முதுகுப் பக்கமும் இப்படியே ஒரு வரிசை. மத்தியமன், உதாசீனன் இருவரையும் சேர்த்தால் மொத்தம் பன்னிரண்டு அரசர்கள். (நாம் ‘உதாசீனம்’ என்றால் அலட்சியம் என்கிறோம். அங்கே உதாசீனன் என்பவன் சண்டைக்கு வெளியே நிற்கிற, எல்லாரையும்விட வலிய அரசன்.) வரப்புத் தகராறு கண்டவர்களுக்கு இந்த மண்டலக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்றைய கல்லூரிப் பாடத்தில் இதை யதார்த்தவாதத்தின் கீழ் வைப்பார்கள். அந்தப் பள்ளியின் அறிஞர் மார்கெந்தாவ் 1948-இல் அதிகார ஆசையை முன்னிறுத்தினார். 1979-இல் வால்ட்ஸ், மனித ஆசையை விடுங்கள், நாடுகளுக்கு மேலே போலீஸ் கிடையாது, அதனால்தான் ஒவ்வொருவனும் தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்றார். அலெக்சாண்டர் வெண்ட் வந்து கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது: பிரிட்டனின் ஐந்நூறு அணுகுண்டுகளுக்குப் பயப்படாத அமெரிக்கா வடகொரியாவின் ஐந்துக்கு ஏன் பயப்படுகிறது? குண்டின் எண்ணிக்கையில் இல்லை விஷயம், யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. சாணக்கியரிடம் கனடாவைக் காட்டியிருந்தால் அவரும் கொஞ்சம் யோசித்திருப்பார். அமெரிக்காவோடு ஏறத்தாழ 8,900 கிலோமீட்டர் எல்லை. ஆனால் 1949 முதல் இருவரும் நேட்டோவில் கூட்டாளிகள்.

விவாதம் கிடக்கட்டும். தூக்கம் கெட்ட அன்றிரவு அலமாரியிலிருந்து எடுத்தது அர்த்தசாஸ்திரத்துக்குச் சாமசாஸ்திரி செய்த மொழிபெயர்ப்பை. எத்தனாவது தடவை என்று வீட்டில் கேட்காதீர்கள்.

நூற்றாண்டுக்கணக்கில் அர்த்தசாஸ்திரத்துக்குப் பெயர் இருந்தது, முழு நூல் அறிஞர்கள் கையில் இல்லை. 1905 வாக்கில் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்திலிருந்த ஓலைச்சுவடியை மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்தார். நூலகர் சாமசாஸ்திரி பிரித்துப் பார்த்தார். 1909-இல் மூலத்தை அச்சிட்டார், 1915-இல் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு. 1919 ஜனவரியில் மியூனிக்கில் பேசிய சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர், இதன் பக்கத்தில் வைத்தால் மாக்கியவெல்லி சாது என்ற பொருளில் சொல்கிறார். மூலம் அச்சேறிப் பத்து வருஷம்கூட முழுசாக ஆகவில்லை! வேல்ஸில் அபரிஸ்ட்வித் என்ற கடலோர ஊரில், சர்வதேச அரசியலுக்கென்று உலகின் முதல் பேராசிரியர் பதவி ஏற்பட்டதும் அதே 1919-இல்தான்.

சாமசாஸ்திரிக்குப் பெயர் கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். கொடுத்தவர்? நான் படித்த புத்தகங்கள் எல்லாம் ‘தஞ்சைப் பண்டிதர் ஒருவர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஊர் இல்லை, பெயர் இல்லை. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதைகளை உ.வே.சா. எழுதியிருக்கிறார். இந்த மனிதர் விடவில்லை. தஞ்சாவூரிலேயே சரஸ்வதி மகால் நூலகம் இருக்க, மைசூருக்கு ஏன் போனார்? சரஸ்வதி மகால் பொது நூலகமானது 1918-இல்தான் என்பது காரணமா? கட்டில் இருப்பது என்னவென்று தெரிந்து கொடுத்தாரா, பரண் காலியானால் போதும் என்று கொடுத்தாரா? மண்டலத்தின் பன்னிரண்டு அரசர்களைவிட இவர்தான் இந்த வாரம் முழுக்க என்னைப் படுத்துகிறார்.

கும்பகோணம், திருவையாறு, மன்னார்குடிப் பக்கத்து வாசகர்களே, ‘எங்க கொள்ளுத்தாத்தா மைசூருக்கு ஒரு சுவடிக்கட்டு கொண்டுபோய்க் கொடுத்தார்’ என்று உங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டென்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சாணக்கியர் பொன்மொழி மட்டும் வேண்டாம்.